எண்ணிக்கையோடு சல்லடைக் கண்ணின் அளவையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி பார்த்தேன். 'ஆர்க்டிக் பனியிலும் பிளாஸ்டிக், லிட்டருக்கு 12,000 துகள்' என்று தலைப்பு, பக்கத்தில் ஒரு பனிக்கரடி, அதன் காலடியில் நசுங்கிய தண்ணீர் பாட்டில். எந்த ஆண்டில் எடுத்த கணக்கு, ஆர்க்டிக்கில் எந்த இடம், எவ்வளவு சின்னத் துகள் வரை எண்ணினார்கள், எதைக்கொண்டு எண்ணினார்கள், ஒன்றும் இல்லை. கடைசி வரியில் மட்டும் 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி' என்று இருந்தது. அந்த 12,000 என்கிற எண் 2018இல் வெளிவந்தது. அதிர்ச்சி அடைய வேண்டியவர்கள் அப்போதே அடைந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்த அடுத்த வேலைதான் செய்தி, அதைச் சொல்லாமல் விடுகிறீர்களே என்கிற ஆதங்கத்தில் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான். வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை, எண்களுக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

வடதுருவத்துப் பனியில் உனக்கென்ன அக்கறை என்று கேட்கலாம். நான் கோவையில் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து இதில் பருத்தி எத்தனை சதவீதம், பாலியெஸ்டர் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். 75 சதவீத கந்தக அமிலத்தில் போட்டால் பருத்தி கரைந்து போகும், பாலியெஸ்டர் அப்படியே நிற்கும், கழுவிக் காயவைத்து எடை போட்டால் விடை வந்துவிடும். நைலானா என்று சந்தேகம் வந்தால் ஃபார்மிக் அமிலம். அதற்கும் பிடிபடாத இழை என்றால் அகச்சிவப்புக் கருவியில் வைப்போம், எஃப்.டி.ஐ.ஆர் என்போம், ஒவ்வொரு பாலிமரும், அதாவது பிளாஸ்டிக்கும் இழையும் எதனால் ஆனதோ அந்த மூலப்பொருளும், அகச்சிவப்புக் கதிரில் எந்தெந்த அலையை உறிஞ்சுகிறது என்று அது கோடு போட்டுக் காட்டிவிடும். ஆர்க்டிக் ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, அங்கேயும் கடைசியில் எல்லாம் இதே கருவியில்தான் வந்து முடிகிறது. அப்புறம் விட முடியவில்லை, கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, அந்த 12,000க்கு வருவோம். ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் நகரத்தில் ஆல்ஃபிரட் வெக்னர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, அவர்களிடம் போலார்ஸ்டெர்ன் என்ற பனி உடைக்கும் ஆய்வுக் கப்பல் இருக்கிறது. 2014லும் 2015லும் அந்தக் கப்பலில் போனவர்கள் கடல்மேல் உறைந்திருக்கும் பனியைத் துளைத்து ஐந்து இடங்களில் நீளத் தண்டுகளாக எடுத்து வந்தார்கள். இல்கா பீக்கன் என்பவரும் சகாக்களும் அதை உருக்கி, வடிகட்டி, வடிகட்டித் தாளை அப்படியே நுண்ணோக்கியோடு இணைந்த அகச்சிவப்புக் கருவியின் கீழ் வைத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை படித்தார்கள். 11 மைக்ரான் வரை உள்ள துகள்கள் சிக்கின. அதாவது ஒரு மில்லிமீட்டரை 90 பங்காகப் போட்டால் ஒரு பங்கு. மிக அதிகமாகச் சிக்கிய இடத்தில் லிட்டருக்கு 12,000, மிகக் குறைவான இடத்தில் ஆயிரத்துச் சொச்சம். உங்கள் செய்தியில் வந்தது அந்த அதிகபட்ச எண் மட்டும்தான். எண்ணியதில் மூன்றில் இரண்டு பங்கு 50 மைக்ரானுக்கும் கீழே.

இதற்கு நான்கு வருடம் முன்பு, 2014இல், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ரேச்சல் ஓபார்ட் குழுவும் ஆர்க்டிக் கடற்பனியை உருக்கிப் பார்த்திருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கன மீட்டருக்கு 38 முதல் 234 துகள். கன மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். ஆக லிட்டர் கணக்கில் ஒரு துகள்கூட முழுதாக வரவில்லை! நான்கே வருடத்தில் பிளாஸ்டிக் பல்லாயிரம் மடங்கு கூடிவிட்டதா? கிடையாது. ஓபார்ட் குழு நுண்ணோக்கியில் பார்த்து, இயற்கையானது மாதிரி தெரியாததைக் கையால் பொறுக்கி எடுத்து, அதை மட்டும் கருவியில் வைத்தது. பீக்கன் குழு கண்ணை நம்பவே இல்லை, கருவியையே முழுத்தாளையும் படிக்கவிட்டது. பெரிய கண் வலையை வீசிவிட்டு இந்தக் கடலில் நெத்திலியே இல்லை என்று சொன்னால் நம்மூர் மீனவர் சிரிப்பார் அல்லவா, அப்படித்தான் இதுவும். கடலின் மேற்பரப்பில் இழுக்கும் வலைகளின் கண் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், பனியில் இருப்பதில் பெரும்பகுதி அந்தக் கண் வழியாகத் தாராளமாக நழுவிப் போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், எத்தனை மைக்ரான் வரை எண்ணினார்கள் என்று போடாமல் எண்ணிக்கையை மட்டும் போட்டால் அது செய்தியே ஆகாது. இரண்டு ஆய்வின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'அதிகரித்துவிட்டது' என்று எழுதினால் அதைவிட மோசம்.

பீக்கன் குழுவின் வேலையில் எண்ணிக்கையைவிட எனக்குச் சுவையாகப் பட்டது வேறு. மொத்தம் 17 வகைப் பாலிமர் கிடைத்தது, ஆனால் ஐந்து பனித்தண்டிலும் ஒரே கலவை இல்லை. பனி எங்கே உறைந்தது, எந்த வழியாக மிதந்து வந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பசிபிக் தண்ணீர் உள்ளே வரும் கனடா பக்கத்துப் பனியில் பாலிஎத்திலீன் அதிகம், அதாவது பைகளும் பேக்கிங்கும். சைபீரியாவின் ஆழமில்லாத கடல்களில் உறைந்த பனியில் பெயிண்டும் நைலானும் அதிகம், அதாவது கப்பலும் மீன்வலையும். முதல் வகை வெகுதூரத்திலிருந்து வந்தது, இரண்டாவது உள்ளூர்ச் சரக்கு. துகள் ஒருமுறை பனியில் மாட்டினால் இரண்டு முதல் பதினோரு வருடம் வரை அதிலேயே பயணம் செய்து, கிரீன்லாந்துக்கும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் நடுவே உள்ள ஃப்ராம் நீரிணையில் பனி உருகும்போது விடுதலை ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அங்கே உருகியது எங்கே போகிறது? அந்த நீரிணையின் அடியில் இதே நிறுவனம் 1999 முதல் ஹவுஸ்கார்டன் என்ற ஆழ்கடல் கண்காணிப்பு இடங்களை வைத்திருக்கிறது. மெலனி பெர்க்மான் குழு 2017இல் வெளியிட்ட கணக்குப்படி 2,300 மீட்டருக்கும் கீழே எடுத்த வண்டலில் கிலோவுக்கு 42 முதல் 6,595 வரை துகள்கள், அதில் எண்பது சதவீதம் 25 மைக்ரானுக்கு உட்பட்டவை. இவ்வளவு பொடிசு தானாக இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இறங்குவதற்கு ரொம்ப காலம் ஆகும். பனிக்கு அடியில் சடை சடையாகத் தொங்கும் ஒரு பாசி இருக்கிறது, மெலோசிரா ஆர்க்டிகா என்று பெயர். பனி உருகும்போது அது கொத்தாக அறுந்து நேராகத் தரைக்கு இறங்கிவிடும், ஆழ்கடல் உயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. அந்தப் பாசியில் கன மீட்டருக்கு சுமார் 31,000 துகள் இருந்ததாக 2023இல் பெர்க்மான் குழு எழுதியது, சுற்றியிருந்த தண்ணீரில் இருந்ததைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. இப்போது உங்கள் பனிக்கரடிப் படத்தை நினைத்துப் பாருங்கள். விஷயம் கரடியின் காலடியில் இல்லை, இந்தப் பாசியில் இருக்கிறது. பாசியைப் படம் எடுத்துப் போட்டால் யார் பார்ப்பார்கள் என்பீர்கள், அதுவும் நியாயம்தான்.

எங்கள் துறைக்காரன் என்ற முறையில் எனக்கு உறுத்துவது இழைகள். கடல்தண்ணீரில் நூலிழை மாதிரி எது கிடைத்தாலும் பிளாஸ்டிக் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் பல வருடமாக இருந்தது. நான் மேலே சொன்ன ஓபார்ட் குழுவின் கணக்கிலேயே பாதிக்கு மேல், 54 சதவீதம், ரேயான். ரேயான் மரக்கூழிலிருந்து செய்வது, மனிதன் செய்த இழைதான், ஆனால் பாலியெஸ்டர் மாதிரிப் பெட்ரோலியப் பொருள் அல்ல. 2020இல் இத்தாலியின் சுவாரியா என்பவரின் குழு ஆறு கடற்பகுதிகளிலிருந்து 916 கடல்நீர் மாதிரிகளைச் சோதித்ததில், கிடைத்த இழைகளில் 8.2 சதவீதம் மட்டுமே செயற்கை இழை. மீதி பருத்தி மாதிரித் தாவர இழைகளும் கம்பளி மாதிரி விலங்கு இழைகளும்தான், அதில் பெரும்பங்கு தாவர வகை. சாயம் போட்ட பருத்தி நூல் ஆழக்கடலில் என்ன ஆகிறது, ஏன் இவ்வளவு காலம் மக்காமல் கிடக்கிறது என்பது தனிக் கேள்வி. கண்ணால் பார்த்து இழை என்று எழுதுவதற்கும் கருவியில் வைத்துப் பாலியெஸ்டர் என்று எழுதுவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எங்கள் கூடத்தில் புதிதாகச் சேரும் பையன்களுக்குக்கூடத் தெரியும். எரித்தால் காகித வாசனை வந்தால் பருத்தி, உருகி மணி மாதிரி உருண்டால் பாலியெஸ்டர் என்றுதான் அவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்போம்.

கருவியில் வைத்துப் பார்த்த பிறகும் ஆர்க்டிக்கில் பாலியெஸ்டர் நிறைய இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. கனடாவின் பீட்டர் ராஸ் குழு 2021இல் வெளியிட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். நார்வேயிலிருந்து வடதுருவம் வழியாகக் கனடா, அலாஸ்கா பக்கம் வரை 71 இடங்களில் கடல்நீர் எடுத்தார்கள். கிடைத்த நுண்பிளாஸ்டிக்கில் 92 சதவீதம் இழை, அதில் முக்கால்வாசி, 73 சதவீதம், பாலியெஸ்டர். அட்லாண்டிக் பக்கமுள்ள கிழக்கு ஆர்க்டிக்கில் மேற்கைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அதைவிட முக்கியம், கிழக்கில் கிடைத்த இழைகள் நீளமாகவும் அகச்சிவப்பு வரைபடத்தில் புதுப் பாலியெஸ்டருக்குக் கிட்டத்தட்ட ஒத்தும் இருந்தன, மேற்கில் கிடைத்தவை வெயிலிலும் உப்பிலும் அடிபட்டுத் தேய்ந்திருந்தன. இதைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன் என்றே சொல்லலாம், ஏனென்றால் இழை எவ்வளவு பழசு என்று வரைபடத்தை வைத்து ஊகிப்பது எங்கள் வேலையிலும் உண்டு, அதையே வைத்து ஒரு கடலுக்கு எந்த வாசல் வழியாக அழுக்கு வருகிறது என்று கண்டுபிடிக்க முடியும் என்று நான் யோசித்ததே இல்லை.

அந்த வாசல் அட்லாண்டிக். அதற்கு இந்தப் பக்கம் இருப்பது ஐரோப்பா, வட அமெரிக்க வீடுகளின் வாஷிங் மெஷின்கள். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016இல் நேப்பர், தாம்சன் இருவரும் செய்த சோதனையில், ஆறு கிலோ துணி ஒருமுறை துவைத்தால் பருத்தி கலந்த பாலியெஸ்டரில் சுமார் 1,38,000 இழைகளும், பாலியெஸ்டரில் சுமார் 4,96,000, அக்ரிலிக்கில் சுமார் 7,29,000 இழைகளும் வெளியேறலாம் என்று மதிப்பிட்டார்கள். இந்த எண்ணைப் படித்துவிட்டு 'பாலியெஸ்டரை ஒழி' என்று ஆரம்பிப்பவர்களுக்குத் துணிக்காரன் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பாலியெஸ்டரும் ஒரே மாதிரி உதிர்வதில்லை. தொடர்ச்சியான ஃபிலமென்ட் நூலில் நெய்தது குறைவாக உதிரும், சிறு இழைகளை முறுக்கி நூற்றது அதிகமாக உதிரும், குளிருக்குப் போடும் ஃப்ளீஸ் துணியோ பிரஷ் போட்டு இழையை வேண்டுமென்றே கிளப்பிவிட்டது, அது உதிரத்தான் செய்யும். நூலிலும் ஃபினிஷிங்கிலும் மாற்றம் செய்தால் கணிசமாகக் குறைக்கலாம். இது கொங்கு மண்டலத்துக்கும் உள்ள விஷயம்தான். திருப்பூர் பின்னலாடைகள் பெரும்பாலும் பருத்தி, பெரிய சந்தை ஐரோப்பாவும் அமெரிக்காவும். இப்போது செயற்கை இழைப் பக்கம் திரும்பு என்று நாலா பக்கமும் சொல்கிறார்கள், மத்திய அரசு 2021 செப்டம்பரில் 10,683 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் போட்டதே செயற்கை இழை ஆடைகளுக்கும் தொழில்நுட்பத் துணிகளுக்கும்தான். திரும்பட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் உதிரும் இழையை அளக்கும் சோதனையும் கூடவே வரவேண்டும், நாளைக்கு வாங்குபவன் கேட்டபிறகு ஓடுவதைவிட அது நல்லது. புதிய வாஷிங் மெஷின்களில் 2025 முதல் இழை பிடிக்கும் ஃபில்டர் இருக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2020லேயே சட்டம் எழுதிவிட்டது.

கடல் வழியாக மட்டும் வந்தால் கரையோரத்தோடு நின்றிருக்கும். காற்றும் கொண்டுபோகிறது. பெர்க்மான் குழு 2019இல் வெளியிட்ட பனிப்பொழிவு ஆய்வு எனக்குப் பிடித்த ஒன்று, முக்கியமாக அதன் எளிமைக்காக. ஸ்வால்பார்டில் ஒரு சாதாரண ஸ்பூனையும் ஃபிளாஸ்க்கையும் வைத்துப் பனியை அள்ளினார்கள். ஃப்ராம் நீரிணையில் மிதக்கும் பனித்திட்டுகளின்மேல் விழுந்த பனியில் அதிகபட்சம் லிட்டருக்கு 14,400 துகள். ஐரோப்பாவில் எடுத்த மாதிரிகளின் சராசரி 24,600, ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு சாலையோரம் எடுத்த மாதிரியில் 1,54,000. ஆர்க்டிக்கின் சராசரி 1,760தான், ஆனால் மனிதன் வசிக்காத மிதக்கும் பனித்திட்டில் இது எப்படி வந்தது? மேலிருந்துதான் விழ வேண்டும். பெயிண்ட், வார்னிஷ், ரப்பர் வகைகள் அதில் நிறைய.

ரப்பர் என்றதும் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன், இது செய்திகளில் வரவே வராது. டயர் தேய்ந்து வரும் கறுப்புப் பொடியை நாங்கள் நம்பும் அகச்சிவப்புக் கருவியால் சரியாகப் படிக்க முடியாது. டயரில் இருக்கும் கார்பன் கரி கதிரையெல்லாம் விழுங்கிவிடும், வரைபடம் வராது. அதற்கு வேறு வழி, துகளைச் சுட்டு ஆவியாக்கி அந்த ஆவியைப் பகுத்துப் பார்ப்பது. அதில் எடைதான் கிடைக்கும், எண்ணிக்கை கிடைக்காது. ஒருவர் எண்ணிக்கை தருகிறார், இன்னொருவர் நானோகிராம் தருகிறார், இரண்டையும் ஒப்பிட்டு யார் என்ன சொல்வது? நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திலிருந்து டூஷான் மாட்டெரிச் குழு 2022இல் கிரீன்லாந்தில் எடுத்த 14 மீட்டர் பனித்தண்டை ஆவி முறையில் சோதித்தது. 1965 வரை போகும் அடுக்குகளிலும் நானோ அளவுப் பிளாஸ்டிக் இருந்தது, அதில் ஏறக்குறைய கால் பங்கு டயர். நான் பிறந்து வளர்ந்த காலத்துப் பஸ் டயர்களின் கணக்கும் அதில் எங்காவது இருக்குமோ என்னவோ.

பனியில் அடுக்கை வைத்து வருடம் சொல்லலாம். மண்ணில் முடியாது, இதனால்தான் ஆர்க்டிக் மண்ணைப் பற்றிய ஆய்வுகள் கடலோடு ஒப்பிட்டால் விரல்விட்டு எண்ணும்படி இருக்கின்றன என்பது என் எண்ணம். துந்திரா என்கிற மரமில்லாத ஆர்க்டிக் நிலம் வருடா வருடம் உறைந்து, இளகி, மறுபடி உறையும்போது மேல் மண் கீழே போகும், கீழ் மண் மேலே வரும், ஒரு துகள் அரை அடி ஆழத்தில் கிடைத்தால் அது ஐம்பது வருடப் பழசா போன வருடத்ததா என்று ஆழத்தை வைத்துச் சொல்ல வழியே இல்லை. அதைவிடத் தொல்லை, அந்த மண்ணில் பாதி, மண்ணே இல்லை. குளிரில் சரியாக மக்காமல் ஆயிரக்கணக்கான வருடமாகச் சேர்ந்த பாசி, வேர், நார். அதற்குள் நாலு பாலியெஸ்டர் இழையைத் தேட வேண்டும். நாங்கள் செய்கிற மாதிரிக் கந்தக அமிலத்தை ஊற்றிவிடலாமே என்றால் நைலானும் சேர்ந்து போய்விடும். அதனால் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, சூடு ஏறிவிடாமல், நாள்கணக்கில் பொறுமையாக மக்குப் பொருளை எரிக்கிறார்கள். அப்புறம் மிதக்கவிட்டுப் பிரிக்க வேண்டும். பாலிப்ரொப்பிலீன் அடர்த்தி 0.91, நைலான் 1.14, இரண்டும் சாதாரண உப்புக் கரைசலில் மிதந்துவிடும், பாலியெஸ்டர் 1.38, மூழ்கிவிடும். அதற்கு ஜிங்க் குளோரைடு மாதிரிக் கனமான கரைசல் வேண்டும், விலையும் அதிகம், கொட்டவும் முடியாது. அடர்த்தியான கரைசலில் எரியாமல் மிச்சமிருக்கும் நாரும் சேர்ந்து மிதக்கும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும்.

மண்ணுக்கு வரும் வழிகள் தெரிந்தவைதான். பனிப்பொழிவு, காற்று, கரையில் ஒதுங்கி நொறுங்கும் வலையும் மிதவையும், அப்புறம் பறவை. ஃபுல்மர் என்ற வடகடல் பறவை கடல்மேல் மிதப்பதையெல்லாம் விழுங்கும், ஸ்வால்பார்டில் சோதித்ததில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பறவையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்திருக்கிறது. கனடா பக்கம் அதன் எச்சத்திலேயே நுண்பிளாஸ்டிக் கண்டிருக்கிறார்கள். அந்த எச்சம் விழும் பாறையடிவாரம்தான் ஆர்க்டிக்கில் மண் கொஞ்சம் செழிப்பாக இருக்கும் இடம். அங்கே மண்ணுக்குள் வாழும் துள்ளுப்பூச்சி போன்ற சின்ன உயிர்கள் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். தென்துருவப் பக்கம் கிங் ஜார்ஜ் தீவில் அப்படி ஒரு பூச்சியின் குடலில் தெர்மோகோல் வகைப் பாலிஸ்டைரீன் இருந்ததை 2020இல் இத்தாலிக் குழு ஒன்று காட்டிவிட்டது. வடக்கிலும் ஸ்வால்பார்டின் நி-ஓலசுண்ட் ஊருக்கு அருகே ஒரு நன்னீர் ஏரியில் இழைகள் இருந்ததை அதே வருடம் எழுதியிருக்கிறார்கள்.

ஆர்க்டிக் என்றால் மனித வாடையே இல்லாத இடம், எல்லாம் வெளியிலிருந்து வந்த பாவம் என்று நாம் நினைக்கிறோம். ஸ்வால்பார்டின் பெரிய ஊர் லாங்இயர்பியன், மக்கள்தொகை சுமார் 2,500. அந்த ஊரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது நார்வே ஆய்வாளர்கள் அதை அளந்து, வருடத்துக்குக் குறைந்தது 1,800 கோடி இழைகள் போகின்றன என்று 2021இல் எழுதினார்கள். லட்சக்கணக்கானோர் வாழும் பெருநகரம் ஒன்று சுத்திகரித்த பிறகு விடும் அளவுக்கு அது சமம். குளிர் ஊர், எல்லோரும் ஃப்ளீஸும் தெர்மலும் போடுகிறவர்கள், துவைக்காமல் இருக்க முடியுமா. ஆய்வுக்குப் போகிற கப்பலின் பெயிண்டும், ஆய்வாளர் போட்டிருக்கும் ஜாக்கெட்டும்கூடக் கணக்கில் வந்துவிடும். அதனால் நல்ல ஆய்வு என்றால் பக்கத்திலேயே ஒரு காலி வடிகட்டித் தாளைத் திறந்து வைத்து, காற்றிலிருந்தும் சட்டையிலிருந்தும் அதில் எத்தனை விழுகிறது என்று தனியாக எண்ணிக் கழிப்பார்கள். பருத்திக் கோட்டு, கண்ணாடி, ஸ்டீல் தவிர வேறு எதையும் கிட்டே விடமாட்டார்கள். இந்தக் கழித்தல் கணக்கு ஆய்வில் இருக்கிறதா என்று உங்கள் நிருபர் ஒரு வரி பார்த்தால் போதும், பாதிப் பொய்ச் செய்தி அங்கேயே நின்றுவிடும்.

நமக்கும் அங்கே ஒரு வீடு இருக்கிறது என்பது உங்கள் செய்தியில் வராதது எனக்குப் பெரிய குறை. அதே நி-ஓலசுண்டில் 2008 ஜூலை முதல் ஹிமாத்ரி என்ற இந்திய ஆய்வு நிலையம் இயங்குகிறது, கோவாவில் உள்ள தேசிய துருவ, கடல் ஆய்வு மையம் நடத்துகிறது. 2023 டிசம்பரிலிருந்து குளிர்காலத்திலும் ஆள் போகிறார்கள். ஊரையொட்டிய கோங்ஸ்ஃபியோர்டில், அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் கடற்கிளையில், கடலுக்கு அடியில் 2014இல் இறக்கிய இண்ட்ஆர்க் என்ற கண்காணிப்புக் கருவித் தொகுதியை உருவாக்கியதில் நம் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. தண்ணீரின் வெப்பம், உப்பு, நீரோட்டம் எல்லாம் அளக்கும் தொகுதி அது. அட்லாண்டிக் தண்ணீர் எப்போது, எவ்வளவு அந்த ஃபியோர்டுக்குள் நுழைகிறது என்று அதிலிருந்து தெரியும். மேலே சொன்ன பாலியெஸ்டர் இழை எந்தத் தண்ணீரில் ஏறி வருகிறதோ அதே தண்ணீர். அதே பள்ளிக்கரணை வளாகத்தில் நம் கடற்கரைகளின் நுண்பிளாஸ்டிக்கை ஆராயும் தேசிய கடலோர ஆய்வு மையமும் இருக்கிறது. நீரோட்டக் கணக்கு தெரிந்தவர்களும் துகள் எண்ணத் தெரிந்தவர்களும் ஒரே சுற்றுச்சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் நாளிதழின் சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு ஆட்டோ தூரம். நெகிழி ஒப்பந்தப் பேச்சு 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் முடிவில்லாமல் கலைந்ததற்கு அரைப்பக்கம் ஒதுக்கினீர்கள், நல்லது, பள்ளிக்கரணைக்குக் கால் பக்கம் ஒதுக்கக்கூடாதா?

ஆகவே என் வேண்டுகோள் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்தமுறை இப்படிச் செய்தி வந்தால், எத்தனை என்று போடும் வரியிலேயே எத்தனை மைக்ரான் வரை என்றும் போடுங்கள், கண்ணால் எண்ணியதா கருவியால் எண்ணியதா என்று போடுங்கள், அதிகபட்சத்தைப் போட்டால் குறைந்தபட்சத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஆண்டைக் கட்டாயம் போடுங்கள். இதற்கு இரண்டு வரி கூடும், பனிக்கரடிப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

உங்கள் அறிவியல் நிருபர் கோவைப் பக்கம் வந்தால் சொல்லியனுப்புங்கள். அவர் போட்டிருக்கும் சட்டையிலிருந்தே ஒரு நூலை உருவி அகச்சிவப்புக் கருவியில் வைத்துக் காட்ட என் பழைய சகாக்கள் தயாராக இருக்கிறார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் நல்லது, காலையில் சாம்பிள் குவிந்து கிடக்கும், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பீளமேடு, கோவை.